ஸ்டேஷனுக்கு நடந்து போகும் வழியை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

உங்கள் பகுதிக்கு மெட்ரோ வரப்போகிறது. அல்லது பறக்கும் ரயில் ஸ்டேஷன் எப்போதோ வந்துவிட்டது, ஆனால் வீட்டிலிருந்து நடந்து அங்கே போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. நாலு பேர் சேர்ந்து மனு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்காகத்தான். குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரோடு சேர்ந்து சென்னையில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் வரிசையோடு எழுதிவைக்கிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் உங்களுக்குப் பக்கமா தூரமா என்பதை மேப்பில் இருக்கும் புள்ளி முடிவு செய்வதில்லை. அதன் வாசல் எந்தத் தெருவைப் பார்த்துத் திறக்கிறது, அந்த வாசலுக்கு முன்னால் ரோட்டைக் கடக்க வழி இருக்கிறதா, இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன. கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

1. ஸ்டேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், என்ன கேட்கலாம் என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பாதை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்றால் ஸ்டேஷனையே நூறு மீட்டர் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம். தூண்கள் எழும்பிவிட்டால் ஸ்டேஷன் நகராது, ஆனால் படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது, லிஃப்ட் எங்கே வருகிறது என்பதில் பேச இடம் இருக்கலாம். ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதா, அப்போது கேட்க வேண்டியவை சுவரில் ஒரு திறப்பு, ஒரு சிக்னல், கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம், அகலமான நடைபாதை. ஓடுகிற ஸ்டேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லி மனு கொடுத்தால் அதோடு கோப்பு மூடப்படும்.

சீக்கிரம் கேட்க வேண்டும் என்று நான் ஏன் நச்சரிக்கிறேன் என்பதற்குக் கிளாம்பாக்கத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று பேருந்து முனையம் திறந்தபோது பக்கத்திலேயே தண்டவாளம் இருந்தது, ஆனால் ரயில் நிலையம் இல்லை, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி அதற்குப் போக ஆகாய நடைபாதையும் இல்லை. மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்து ஒன்றாக முடித்திருந்தால் மூட்டை முடிச்சோடு வந்த ஜனங்கள் இவ்வளவு அலைந்திருக்க வேண்டாம்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் என்றால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற நிறுவனங்கள் கடன் கொடுப்பதால் சுற்றுச்சூழல், சமூகத் தாக்க அறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. முதலில் அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் முன் கையில் வேண்டியவை

ஐந்து மீட்டர் டேப் ஒன்று, முப்பது மீட்டர் டேப் ஒன்று, சாக்பீஸ், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், கிளிப் அட்டை, பேனா. குறிப்பைப் போனில் எடுக்காதீர்கள். ஒரு கையில் டேப், இன்னொரு கையில் போன் என்று நட்ட நடு ரோட்டில் நிற்க முடியாது. காகிதத்தில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து ஏற்றுங்கள்.

ஆட்கள் குறைந்தது மூன்று பேர். இரண்டு பேர் டேப் பிடிக்க, ஒருவர் வண்டி வருகிறதா என்று பார்க்க. அந்த மூன்றாவது ஆளை வேறு எந்த வேலைக்கும் இழுக்காதீர்கள்.

முடிந்தால் குழுவில் அறுபது தாண்டிய ஒருவரும், சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ நடமாடும் ஒருவரும் இருக்கட்டும். காரணம் எளிது. கல்லூரிப் பையன் ஒருவன் எல்லாத் தடுப்பையும் தாண்டிக் குதித்துப் போய்விடுவான், அவன் எழுதும் குறிப்பில் எந்தத் தடையும் இருக்காது.

3. முதல் நாள் எதையும் அளக்காமல் நடங்கள்

பலரும் நேராக மேப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம். மேப்பை முதலில் பார்த்தால் அதில் இருப்பதைத்தான் தெருவிலும் தேடுவீர்கள். ஜனங்கள் உண்மையில் போகிற வழி பல நேரம் அதில் இருக்காது. காம்பவுண்டு சுவரில் இரண்டு கல் பெயர்ந்த சந்து, கோயில் பின்பக்க வாசல், காலி மனைக்குள் மிதித்து மிதித்து உண்டான ஒற்றையடிப் பாதை, இவையெல்லாம் வாசல் தப்பான இடத்தில் இருக்கிறது என்பதற்கான எழுதாத சாட்சிகள்.

காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். வெளியே வருகிற ஒருவரைத் தேர்ந்தெடுத்து, தள்ளி நின்று, எந்தப் பக்கம் போகிறார், எங்கே ரோட்டில் இறங்குகிறார் என்று பாருங்கள், அடுத்த ரயிலில் வருகிற இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். இருபது பேரைப் பார்த்தால் போதும், பாதை புலப்பட்டுவிடும்.

நாங்கள் அப்படி நின்ற ஒரு ஸ்டேஷனில் டிபன் பையோடு ஒரு அம்மா வெளியே வந்தார். பத்தடி நடைபாதையில் நடந்தார், மின்வாரியப் பில்லர் பாக்ஸ் வந்தது, ரோட்டில் இறங்கினார். திரும்ப ஏறினார், டீக்கடை ஸ்டூல்கள் வந்தன, மறுபடி இறங்கினார். மூன்றாவது முறை ஏறவே இல்லை. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க அடிக்க வெள்ளைக் கோட்டின் மேலேயே கடைசி வரை நடந்து போனார். நடைபாதை இருந்தும் ஜனங்கள் ஏன் ரோட்டில் நடக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்கள் இப்படி ஒருவர் பின்னால் இருநூறு மீட்டர் நடந்துவிட்டு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

4. வட்டம் போடாதீர்கள், தெரு வழியே அளங்கள்

இப்போது மேப்புக்கு வரலாம். நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. ஸ்டேஷன் மேல் காம்பஸ் முனையை வைத்து 500 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற எல்லோருக்கும் ஸ்டேஷன் பக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். காக்கைக்கு அது சரி. மனிதர் தெருவழியேதான் வர வேண்டும்.

பறக்கும் ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. ஊருக்கு நடுவில் ரயில் விட அங்கேதான் இடம் இருந்தது. அதனால் பல ஸ்டேஷன்களுக்கு ஒரு பக்கம் தண்ணீர். எதிர்க்கரையில் மாடியில் நின்றால் பிளாட்பாரத்தில் நிற்கிறவர் முகம் தெரியும், ஆனால் அங்கே போக அடுத்த பாலம் வரை நடந்து திரும்பி வர வேண்டும். வட்டக் கணக்கில் அந்த வீடு 150 மீட்டரில் இருக்கும், கால் கணக்கில் அது பல மடங்கு.

செய்ய வேண்டியது இது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய மேப்பான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உங்கள் பகுதியைத் திறந்து, முதல் நாள் பார்த்த சந்துகளையும் படிகளையும் அதில் சேருங்கள். அப்புறம் கியூஜிஐஎஸ் என்ற மேப் மென்பொருளிலோ, வழித்தூரம் கணக்கிடும் ஓபன்ரூட்சர்வீஸ் தளத்திலோ, ஸ்டேஷனின் நடுப்புள்ளியிலிருந்து அளக்காமல் ஒவ்வொரு வாசலிலிருந்தும் தெரு வழியே 500 மீட்டர் எதுவரை போக முடிகிறது என்று எடுங்கள். கோணல்மாணலாக ஒரு வடிவம் வரும். அதன் பரப்பை வட்டத்தின் பரப்போடு ஒப்பிடுங்கள். 500 மீட்டர் ஆரமுள்ள வட்டம் சுமார் 78 ஹெக்டேர். உங்கள் வடிவம் அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் வந்தால் தெருக்கள் நன்றாக இணைந்திருக்கின்றன என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நாற்பதுக்குக் கீழே போனால் நடுவில் சுவரோ, கால்வாயோ, தண்டவாளமோ, ரோட்டு நடுவில் மீடியன் கம்பியோ நிற்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலையின் பாதி.

500 மீட்டர் ஏன் என்று கேட்பார்கள். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கையில் ஸ்டேஷனைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரை நடக்கும் தூரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. நிமிடத்துக்கு 75 மீட்டர் நடப்பவருக்கு 800 மீட்டர் என்பது பதினோரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் வழியில் ஒரு பெரிய சிக்னல் இருந்தால் இரண்டு நிமிடம் அங்கேயே போய்விடும், அதனால் மனுவில் தூரத்தோடு நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

பாதை எங்கே ஓடுகிறது என்பதே பாதி நிலத்தைத் தின்றுவிடும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் நல்ல உதாரணம். அங்கே 1995இல் பச்சை வழித்தடம் என்ற பெயரில் திறந்த லைட் ரயில் (டிராம் போன்ற சின்ன ரயில்) பெரும்பகுதி ஒரு விரைவுச்சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. இரண்டு பக்கமும் கார்கள் பாயும் தடங்கள், அவற்றில் ஏறி இறங்கும் சரிவுகள், எல்லாம் நடந்து வரக்கூடிய வீடுகளும் கடைகளும் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நிலம் எளிதாகக் கிடைக்கிறதே என்று பாதையை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோகும் எல்லா ஊரிலும் இதுதான் கதை.

5. வாசலோடு நிறுத்தாமல் பிளாட்பாரம் வரை போங்கள்

வாசலைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று டேப்பைச் சுருட்டிவிடுகிறார்கள். பயணிக்கு அங்கே முடிவதில்லை. வாசல், படி, டிக்கெட் கதவு, மறுபடி படி, பிளாட்பாரம், எல்லாம் நடைதான். வாசலில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தி ரயில் நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். படியில் ஒருமுறை, லிஃப்டில் ஒருமுறை.

லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாசல் இருந்து லிஃப்ட் ஒன்றில் மட்டும் என்றால், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அந்த ஸ்டேஷனுக்கு ஒரே ஒரு வாசல்தான். அவருக்குத் தனியாக இன்னொரு 500 மீட்டர் வடிவம் வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்த அதிகாரிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, பிளாட்பாரத்தின் இரண்டு முனைகளிலும் வழி இருக்கிறதா? பிளாட்பாரம் 200 மீட்டர் நீளம், வழி ஒரு முனையில் மட்டும் என்றால், மறுமுனைப் பக்கம் குடியிருக்கிறவர்கள் வெளியே 200 மீட்டர் நடந்து வாசலுக்கு வந்து, உள்ளே அதே 200 மீட்டரைத் திரும்ப நடக்க நேரும். மறுமுனையில் ஒரு படிக்கட்டும் லிஃப்டும் வைத்தால், ஸ்டேஷனை நகர்த்தாமலேயே அவர்கள் பக்கம் நகர்த்தியது போலத்தான். நான் கேட்கச் சொல்வதில் முதல் இடம் இதற்குத்தான்.

6. ரோட்டைக் கடக்கும் இடம்

இங்கே நிதானமாக இருங்கள், அதிக நேரம் செலவழியுங்கள். ஸ்டேஷன் ரோட்டின் ஒரு பக்கம், பஸ் ஸ்டாப் இன்னொரு பக்கம் என்றால் பஸ்ஸில் வந்து போகிறவர்கள் தினமும் போகும்போதோ வரும்போதோ அந்த ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும்.

முதலில் ரோட்டின் அகலம். இரண்டு பக்கமும் மும்மூன்று தடம், நடுவில் மீடியன், மொத்தம் 24 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 20 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிற பாட்டிக்கு 30 விநாடி. சிக்னலில் பச்சை எத்தனை விநாடி என்று பத்து முறை குறியுங்கள். 15 விநாடிதான் எரிகிறது என்றால் பாட்டி மீடியன் வரைதான் போவார், அங்கே நிற்க இடம் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. குறைந்தது இரண்டு மீட்டர் அகலத்தில் ரோட்டுமட்டத்துக்கு வெட்டிவிட்ட திட்டு வேண்டும். உயரமான மீடியன் கல்லின் மேல் ஏறிப் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பது கடக்கும் வசதி ஆகாது.

அடுத்தது, கூட்டத்தில் யாராவது கட்டாயம் எழுப்பும் குரல்: "நடைமேம்பாலம் கேட்கலாமே!" அவசரப்படாதீர்கள். கணக்குப் போடுங்கள். அடியில் லாரி போக 5.5 மீட்டர் விட்டு, தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர் ஏற வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் என்றால் நாற்பது படி மேலே, நாற்பது படி கீழே. சாய்தளம் என்றால் ஒரு மீட்டர் ஏறப் பன்னிரண்டு மீட்டர் நீளம் என்ற கணக்கில் ஒரு பக்கத்துக்கே 72 மீட்டர், நடுவில் இளைப்பாறும் தளங்கள் தனி. கீழே 24 மீட்டரில் முடிகிற காரியத்துக்கு எண்பது படி ஏறி இறங்கச் சொன்னால் முழங்கால் வலிக்காரர் மீடியன் கம்பிக்கு இடையில்தான் நுழைவார். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். அது நிற்கிற நாளில் என்ன வழி என்று கேளுங்கள்.

எங்கே மேலே போவது சரி என்றால், இரண்டு முனையும் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும்போது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையைப் பாருங்கள். ரயிலிலிருந்து இறங்குகிறவர் எப்படியும் ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தில் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறியவர் இறங்காமல் அப்படியே போகிறார். அதேபோல உயர்மட்ட மெட்ரோ என்றால் டிக்கெட் தளமே ரோட்டுக்கு மேல் இருக்கிறது. அதன் படிகளை ரோட்டின் இரண்டு பக்கமும் இறக்கிவிட்டு, டிக்கெட் வாங்காதவரும் அந்தத் தளம் வழியே கடந்து போகலாம் என்று திறந்துவிட்டால் தனியாக நடைமேம்பாலமே வேண்டாம். இதைக் கேளுங்கள். இரவு கடைசி ரயிலுக்குப் பிறகும் திறந்திருக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரோட்டுமட்டத்தில் ஓடும் லைட் ரயில், டிராம் போன்றவற்றுக்கு நிறுத்தம் மீடியனிலேயே வரும். அங்கே நிறுத்தத்தைச் சந்திப்பை ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் சிக்னல் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. சந்திப்பிலிருந்து தள்ளி நடு ரோட்டில் வைத்தால், ரயில் வந்து நிற்பதைப் பார்த்தவர் குறுக்கே ஓடுவார். ஓடாதே என்று போர்டு வைத்துப் பயனில்லை.

7. நடைபாதை அகலம்: முழு அகலத்தை அளக்காதீர்கள்

ஓரக்கல்லிலிருந்து சுவர் வரை அளந்து "மூன்று மீட்டர், நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது வழக்கமான தவறு. நடுவில் மரம், மின்கம்பம், பில்லர் பாக்ஸ், நிறுத்திவைத்த பைக் எல்லாம் போக எவ்வளவு மிச்சம் என்பதுதான் அகலம். சாக்பீஸால் இருபது மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு துண்டிலும் மிகக் குறுகலான இடத்தை மட்டும் எழுதுங்கள். ஒரு பாதையின் அகலம் அதன் குறுகலான இடத்தின் அகலம்தான்.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம், தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரம் கேட்கிறது. ஓரக்கல் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயதானவர்கள் ஏற மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்காக நடைபாதை கீழே இறங்கி ஏறுகிறதா என்றும் பாருங்கள். நடைபாதை சமமாக ஓட வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும்.

ஸ்டேஷன் வாசலுக்கு முன்னால் 1.8 போதாது. ஒரு ரயில் நின்றால் இரண்டு நிமிடத்தில் மொத்தக் கூட்டமும் வெளியே கொட்டும். மணிக்கணக்கில் எண்ணிச் சராசரி எடுத்தால் இந்த நெரிசல் கணக்கில் மறைந்துவிடும், நிமிடத்துக்கு நிமிடம் எண்ணுங்கள்.

பூக்கார அம்மாவையும் வேர்க்கடலை வண்டியையும் "ஆக்கிரமிப்பு" என்று பட்டியலில் சேர்க்கும் ஆசை பலருக்கு வரும். தயவுசெய்து வேண்டாம். இரவு ஒன்பதரைக்குத் தனியாக இறங்குகிற பெண்ணுக்கு அந்த விளக்கு வெளிச்சமும் அந்த முகமும்தான் துணை. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்க வழி சொல்கிறது. நடக்கும் தடத்துக்கு வெளியே, மரங்கள் இருக்கிற வரிசையில் அவர்களுக்கு இடம் குறித்துக் கொடுங்கள்.

8. வெயில், இருட்டு, மழை

மூன்று முறை போக வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை, நல்ல மழை பெய்த மறுநாள் காலை ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போய் எடுத்த குறிப்பால் பயனில்லை.

நிழல் இல்லாத நீட்டங்களை மேப்பில் சிவப்பாகக் குறியுங்கள். சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. எனும் மெட்ரோ நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரையிலும், எல்.ஆர்.டி. எனும் லைட் ரயில் நிலையங்களைச் சுற்றி 200 மீட்டர் வரையிலும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகும் வழிகளுக்குக் கூரை போடும் திட்டத்தை நிறைவேற்றியிருக்கிறார்கள். நம் வெயிலுக்கு வேப்பமரமே போதும், ஆனால் இடையில் விட்டுப்போகாமல் வரிசையாக வேண்டும்.

9. பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும்

வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் எத்தனை மீட்டர் என்று இரண்டு திசைக்கும் தனித்தனியாக அளங்கள். நூறு மீட்டருக்கு மேல் போனால் ஸ்டாப்பை வாசலுக்கு நகர்த்தக் கேளுங்கள். கேட்பவற்றிலேயே செலவு குறைந்தது இது. ஷேர் ஆட்டோக்கள் எங்கே நிற்கின்றனவோ அங்கேதான் பயணிகள் இருக்கிறார்கள், ஆட்டோக்காரர்களை விரட்டாமல் வாசலைத் தாண்டி இருபது மீட்டரில் ஒரு ஒதுக்கிடம் கேட்பது நல்லது. வாசலுக்கு நேர் எதிரே நின்றால் வெளியே வருகிற கூட்டம் அவற்றைச் சுற்றி ரோட்டில் இறங்கும்.

10. ஒரே மனு எழுதாதீர்கள்

எல்லாம் அளந்து முடித்து, பன்னிரண்டு பக்க மனு ஒன்றை ஒரே அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடியும் வேறு வேறு துறையின் கையில் இருக்கிறது. வாசல், லிஃப்ட் என்றால் மெட்ரோ நிறுவனம் அல்லது ரயில்வே. ரோடு மாநகராட்சியுடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சியிலும் பஸ் போகும் ரோடுகளுக்கு ஒரு துறை, உள்தெருக்களுக்கு மண்டல அலுவலகம். சிக்னல் நேரம் போக்குவரத்துக் காவல்துறை. பில்லர் பாக்ஸ் மின்வாரியம். மேன்ஹோல் மூடி மெட்ரோ வாட்டர். ரோடு யாருடையது என்று சொல்ல மறுத்தால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

ஆகவே துறைக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் ஒரு கோரிக்கை, ஒரு புகைப்படம், ஒரு அளவு, எந்த விதி என்ற ஒரு வரி. புகைப்படத்தில் டேப் தெரிய வேண்டும். "நடைபாதை மோசம்" என்றால் பதில் வராது, "இந்தக் கதவு எண்ணுக்கு எதிரே 1.8 மீட்டர் வேண்டிய இடத்தில் 60 சென்டிமீட்டர்தான் இருக்கிறது" என்றால் யாராவது ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறது, மாநகராட்சிக்குப் போகும் பக்கத்தில் அதைக் குறிப்பிடுங்கள். சின்னச் சின்னப் பழுதுகளுக்கு 1913 என்ற மாநகராட்சி தொலைபேசி எண்ணில் புகார் சொல்லி, புகார் எண் வாங்கி அதையும் மனுவில் ஒட்டுங்கள். எல்லாப் பக்கங்களின் நகலும் வார்டு கவுன்சிலருக்கும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டாவுக்கும் போகட்டும், ஏனென்றால் துறைகளை ஒன்றாக உட்காரவைக்கும் பொறுப்பு அதனுடையது.

11. வேலை நடக்கும்போது மறுபடி டேப்போடு போங்கள்

அனுமதி கிடைத்துவிட்டது என்று இனிப்பு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ஓரக்கல் பதிக்கிற வாரம்தான் முக்கியம். 15 சென்டிமீட்டர் ஓரக்கல்லுக்குச் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வர வேண்டும். இடம் இல்லை என்று அரை மீட்டரில் முடித்துவிடுவார்கள். நாங்கள் ஒருமுறை போனபோது புதுச் சாய்தளத்தின் அடியில், ரோடு தொடங்கும் இடத்தில், இரண்டு தடுப்புத் தூண்களுக்கு நடுவே இடைவெளி 70 சென்டிமீட்டர். எங்களோடு வந்தவரின் சக்கர நாற்காலி உள்ளே நுழையவில்லை. 90 சென்டிமீட்டராவது வேண்டும் என்று அங்கேயே மேஸ்திரியிடம் காட்டினோம். அவர் நாற்காலியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், சிமெண்ட் இன்னும் ஈரமாக இருந்ததால் ஒரு தூணைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போயிருந்தால் அதற்கும் ஒரு மனு எழுதியிருக்க வேண்டும்.